ஸ்பேனரா? ஸ்பானிஷா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் சோழபுரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மார்க் எவ்வளவு? அடுத்து என்ன படிக்கப் போற?" இந்தக் கேள்விக்குப் பதில்களும் ஏறக்குறைய தயாராகவே இருக்கும். நல்ல மார்க் என்றால் இன்ஜினியரிங். கொஞ்சம் குறைந்தால் பி.காம். பெண் பிள்ளை, வெளியூர் அனுப்ப மனசில்லை என்றால் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு காலேஜ், அப்புறம் பி.எட்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பதிலை அந்தப் பெண் சொன்னாள். "ஸ்பானிஷ் படிக்கப் போறேன்."

எதிர் வீட்டுப் பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஸ்பேனரா? மெக்கானிக்கல் எடுத்திருக்கியாத்தா? நல்ல படிப்புதான்" என்றார். அவரைத் திருத்த யாருக்கும் மனசு வரவில்லை. வீட்டிலும் பாதிப் பேருக்கு அதற்கு மேல் தெளிவாகத் தெரியாது. அம்மா தளவாய்புரத்திலிருந்து வரும் நைட்டித் துணிகளை வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அதைப் படிச்சா சோறு போடுமா?"

அதற்கு அவளிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

சரி, ஸ்பானிஷ் ஆசை எங்கிருந்து வந்தது? பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கால்பந்து பார்க்கும் அண்ணன், மெஸ்ஸி பேட்டி கொடுக்கும் வீடியோக்கள், சப்டைட்டிலோடு பார்த்த ஒரு ஸ்பானிஷ் தொடர். கேட்கக் கேட்க அந்த மொழி ரொம்ப வேகமாகவும், அதே சமயம் எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. போனில் ஒரு இலவச ஆப் போட்டு நான்கு மாதம் விளையாட்டாகப் படித்தாள். விளையாட்டு வினையானது.

எங்கே படிப்பது என்று தேடியபோதுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மொழிப் படிப்பு என்றால் பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம். இந்த இரண்டுக்கும் குறைவில்லை. மூன்றாவதாக பிரெஞ்சு வரும். அதுவும் பெரும்பாலும் பெரிய நகரங்களில், முதல் பகுதி மொழிப்பாடத்தில் தமிழுக்குப் பதிலாக எடுப்பதற்கு. அதை மார்க்குக்காக எடுப்பவர்களே அதிகம். ஸ்பானிஷை முதன்மைப் பாடமாகப் பட்டத்துக்குப் படிக்க வேண்டுமென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். இந்த மூன்றும்தான் பலரும் முதலில் சொல்லும் பெயர்கள். ஹைதராபாத்தில் இருப்பது 1958ல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி, 1972ல் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டு, 2007ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது.

இதில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இங்கெல்லாம் பி.ஏ. ஸ்பானிஷ் சேர ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முதல் எழுத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. கட்டணமும் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. கெட்ட செய்தி, இப்படி ஒன்று இருப்பதே ராஜபாளையம் பக்கம் பள்ளிகளில் பலருக்குத் தெரியாது. அவளுக்கும் யாரோ இணையத்தில் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்தது. விண்ணப்பித்தாள், எழுதினாள், வெளிமாநிலத்தில் ஒரு இடம் கிடைத்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட அப்பாவும் பெரியப்பாவும் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பெரியப்பா அப்போதும் "மெஷின் பக்கம் நிக்கும்போது துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கோ" என்றார்.

முதல் மாதம் அழுகைதான். வகுப்பில் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் டெல்லி, கொல்கத்தா, கொச்சி. எல்லோருக்கும் ஆங்கிலம் தண்ணீர் மாதிரி. தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு ஆறுகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு.

திருப்பம் ஒரு மாம்பழத்தில் வந்தது.

"எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்பதை ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் மாங்கோ" என்பார்கள். ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் "நான்" என்பதுதான் எழுவாய். ஸ்பானிஷில் மாம்பழம்தான் எழுவாய், "நான்" என்பது "எனக்கு" ஆகிவிடுகிறது. இது ஏன் இப்படி என்று வகுப்பே விழித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் வரவில்லை. மே என்றால் எனக்கு. குஸ்தா என்றால் பிடிக்கும். அவ்வளவுதானே! பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம். போதாக்குறைக்கு மாங்கோ என்ற சொல்லே மாங்காய் போன்ற தென்னிந்தியச் சொல்லிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ராஜபாளையத்து மாம்பழம் தின்று வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அன்றிலிருந்து அவள் நடுவில் இருந்த ஆற்றைத் தாண்டுவதை விட்டுவிட்டாள். நோட்டில் இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் தமிழ். ஆங்கிலத்துக்கு இடமில்லை. அப்படி எழுதத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பித்தது.

ஸ்பானிஷில் "நான்", "நீ" எல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்லோ என்றால் பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். ஆப்லாமோஸ், பேசுகிறோம். யார் என்பதை வினையின் வால் சொல்லிவிடும், தமிழைப் போலவே.

அடுத்தது செர், எஸ்தார். ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் செய்யும் வேலையை ஸ்பானிஷில் இந்த இரண்டும் பிரித்துக்கொள்கின்றன. எது எங்கே என்று தெரியாமல் வருடக்கணக்கில் தடுமாறுகிறவர்கள் உண்டு. தமிழில் யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "அவன் மாணவன்" என்கிறோம், வினையே வேண்டாம். அங்கே செர். "அவன் வீட்டில் இருக்கிறான்", "காய்ச்சலாக இருக்கிறான்" என்கிறோம். அந்த "இரு" வரும் இடத்தில் பெரும்பாலும் எஸ்தார். நூற்றுக்கு நூறு பொருந்தாது. ஆனால் தேர்வறையில் தடுமாறும்போது கைகொடுக்கும்.

உச்சரிப்பிலும் அப்படித்தான். ஸ்பானிஷ் எழுத்துகளில் தலைக்கு மேல் அலை போட்ட ஒரு "ந" உண்டு. சிறுவனுக்கு நிஞோ என்று சொல்லும்போது வருவது அதுதான். தமிழில் அதற்கென்றே ஞ இருக்கிறது. இரண்டு ரகரம் வேறு. பெரோ என்றால் "ஆனால்". நாக்கை நன்றாக உருட்டி பெர்ரோ என்றால் "நாய்". கரிக்கும் கறிக்கும் வித்தியாசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விஷயமா? விடுதியில் ராஜபாளையம் நாயைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அந்த ர்ரை வேண்டுமென்றே ஒரு சுற்று அதிகமாக உருட்டுவாளாம்.

எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் காலை வாரிய இடங்களும் உண்டு. தமிழில் ப ஒன்றுதான், அதை அழுத்தியும் சொல்லலாம், மென்மையாகவும் சொல்லலாம். ஸ்பானிஷில் எடை என்பதற்கும் முத்தம் என்பதற்கும் முதல் ஒலியின் அந்த அழுத்தம் மட்டும்தான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே "பேசோ". காய்கறிக் கடைக் காட்சியை நடித்துக் காட்டச் சொன்ன வகுப்பில் தக்காளியின் எடையைக் கேட்பதாக நினைத்து அவள் கேட்டது வேறு. வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மேசை ஏன் பெண்பால், புத்தகம் ஏன் ஆண்பால் என்பதற்கும் தமிழில் பதில் கிடையாது. உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியிலிருந்து போனவளுக்கு உயிரில்லாத நாற்காலிக்குப் பெண்பால் கொடுப்பது கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. மனப்பாடம்தான் வழி.

மேசை என்றதும் இன்னொரு விஷயம். ஸ்பானிஷிலும் அது மேசாதான். அலமாரி, அர்மாரியோ. துவாலை, தோவாயா. பொத்தான், போத்தோன். பாதிரி, பாத்ரே. இதெல்லாம் தற்செயல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள் இவை. போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் இந்த ஒற்றுமை. சாவியும் ஜன்னலும்கூட போர்ச்சுகீசியம் தந்ததுதான். ஸ்பானிஷில் சாவி யாவே ஆகிவிட்டது, ஜன்னலுக்கு மட்டும் முற்றிலும் வேறு சொல். வீட்டுக்கு போன் செய்து, "நீ தைக்கிற நைட்டியில வைக்கிற பொத்தான் நம்ம சொல்லே இல்லைம்மா" என்றாள். "யார் சொல்லா இருந்தா என்ன, ஒரு பீஸுக்கு நாலு வைக்கணும்" என்றார் அம்மா.

அந்தக் கடற்கரையில் நடந்தது ஒருவழிப் பாதையும் அல்ல. புன்னைக்காயலில் பல ஆண்டுகள் வாழ்ந்த என்றிக்கே என்றீக்கசு என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் தமிழைக் கற்று, அதற்குப் போர்ச்சுகீசியத்தில் ஓர் இலக்கணமும் எழுதினார். 1578ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல்களில் மூத்ததாகக் கருதப்படுகிறது. அகராதியும் இல்லை, ஆப்பும் இல்லை. ழகரத்தையும் றகரத்தையும் மீனவர் பேசக் கேட்டுக் கேட்டே பிடித்திருக்க வேண்டும். செர், எஸ்தார் என்று தலையில் கை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு அவரை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தெம்பு வரும்.

இரண்டாம் வருடம் இலக்கியம் தொடங்கியது. இங்கேயும் ஊர் வந்து நின்றது. சோழபுரத்திலிருந்து கிழக்கே போனால் கரிசல் காடு, கோவில்பட்டி. அங்கிருந்து வந்த "கல்குதிரை" சிற்றிதழ் கார்சியா மார்க்கேஸுக்கு ஒரு சிறப்பிதழே கொண்டுவந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்காவைத் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் கொண்டாடிய அளவுக்கு வேறு எந்த அயல் இலக்கியத்தையும் கொண்டாடியிருக்குமா என்பது சந்தேகம்தான். மார்க்கேஸின் பெரிய நாவல் "தனிமையின் நூறு ஆண்டுகள்" என்று 2013ல் தமிழில் வந்தது. ஆனால் இந்தக் கொண்டாட்டத்தின் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாக வந்தது. அவள் முதல் மாதம் தாண்டிய அதே நடு ஆறு! ஸ்பானிஷிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரக் கூடியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

அங்கிருந்து இங்கே வந்து பார்த்தவர்களும் உண்டு. மெக்சிகோவின் தூதராக 1962 முதல் 1968 வரை டெல்லியில் இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் மதுரை, உதகமண்டலம், கன்னியாகுமரி எல்லாவற்றையும் கவிதையில் வைத்திருக்கிறார். 1968ல் மெக்சிகோ நகரில் சொந்த நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டுக் கொன்றபோது எதிர்ப்புத் தெரிவித்துத் தூதர் பதவியைத் துறந்தவர். 1990ல் நோபல் பரிசு. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் இருக்கும் மதுரையை ஸ்பானிஷில் படித்தது அவளுக்குத் திருவிழாவில் தொலைந்த தங்கையைக் கண்டுபிடித்த மாதிரி இருந்ததாம்.

இன்னொருவர் பாப்லோ நெருடா. அவரால்தான் எல்லாமே கொஞ்சம் மாறிப்போனது.

நெருடாவின் இருபது காதல் கவிதைகள் 1924ல் வந்தவை. அவற்றை ரசிக்காமல் ஸ்பானிஷ் வகுப்பைத் தாண்டிய மாணவர் யாரும் இருக்க முடியாது. அவளும் நோட்டில் எழுதி வைத்துப் படித்தவள்தான். சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக அவர் 1929ல் கொழும்பில் இருந்தார், வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருந்தார் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்பத்தாவின் அத்தை குடும்பம் அந்தக் காலத்தில் கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போய்த் திரும்பாமலே போனது. நம்ம ஆட்கள் இருந்த ஊரில் நெருடாவும் இருந்திருக்கிறார்!

நெருடா 1973ல் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்புகள் அடுத்த ஆண்டு வெளிவந்தன. அந்த இலங்கை அத்தியாயத்தை அவள் நூலகத்தில் ஆசையாகத் தேடி எடுத்தாள். அதில் ஒரு பக்கம். அவர் வீட்டுக் கழிப்பறை வாளியை எடுத்துச் செல்ல விடியற்காலையில் ஒரு பெண் வருவார். தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதி என்று அவரே எழுதுகிறார். கூப்பிட்டுப் பார்த்தும், பரிசு வைத்துப் பார்த்தும் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார். அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்பது அவர் எழுதியதிலேயே தெளிவாக இருக்கிறது. அப்புறம் அது திரும்ப நடக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

அவளால் அடுத்த விஷயத்துக்குப் போக முடியவில்லை.

இந்தப் பக்கம் ஒன்றும் ரகசியம் அல்ல. அரை நூற்றாண்டாக அச்சில் இருக்கிறது. 2018ல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடா பெயர் வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம 2021ல் "அல்போராதா" என்று ஒரு படமே எடுத்தார். ஆனாலும் வகுப்பில் முப்பது பேரில் அந்தப் பெண்ணின் மொழி பேசுகிறவள் அவள் ஒருத்திதான். நெருடாவுக்குப் புரியாமல் போன அந்த மொழி.

பருவக் கட்டுரைக்கு எந்தப் பகுதியை வேண்டுமானாலும் தாய்மொழியில் பெயர்த்து, குறிப்பு எழுதலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். காதல் கவிதை ஒன்றை எடுத்தால் சுலபமாக மார்க் வாங்கியிருக்கலாம். அவள் அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

முதல் வரியிலேயே முட்டியது. ஸ்பானிஷில் எதிரில் இருப்பவரை விளிக்கத்தான் தூ, ஊஸ்தெத் என்று நீயும் நீங்களும் உண்டு. மூன்றாம் ஆளைச் சொல்லும்போது மரியாதை உள்ளது, இல்லாதது என்ற வித்தியாசமே கிடையாது. எல்லாப் பெண்களும் எயா. ராணியும் எயாதான், வாளி சுமக்கிறவரும் எயாதான். தமிழில் எழுத வேண்டுமானால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். "வந்தாள்" என்பதா, "வந்தார்" என்பதா?

1929ல் இருபத்தைந்து வயதில், அந்த வீட்டு எஜமானாக நின்று பார்த்த நெருடா தமிழ் பேசியிருந்தால் சந்தேகமில்லாமல் "வந்தாள்" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பார்வையை அப்படியே தருவதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை என்று ஒரு கட்சி. "வந்தார்" என்று போட்டால் அவருக்கு இல்லாத மரியாதையை அவர் வாயில் திணித்து, அவரை நல்லவராக்கிவிடும் ஆபத்து வேறு. ஆனால் தமிழில் "வந்தாள்" என்று எழுதும் கை நெருடாவின் கை அல்லவே. அந்தப் பெண்ணைத் தமிழில் "வந்தாள், போனாள்" என்று சொல்லிப் பழகிய ஊர்கள் எத்தனை! சோழபுரம் என்ன விதிவிலக்கா?

இரண்டு வாரம் எழுதி எழுதி அடித்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் முழுக் கதையையும் சொன்னாள். தையல் மெஷின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

"அந்தப் பொம்பளைக்குப் பேரு என்னவாம்?"

"பேரு எழுதலைம்மா. கேட்டிருக்கவே மாட்டார்."

"இத்தனை எழுதுனவன் அதை எழுதலையா?" என்றார் அம்மா. பிறகு, "நீயாவது அவங்க இவங்கன்னு எழுது" என்றார்.

அவள் இரண்டையும் எழுதினாள். நெருடாவின் பக்கத்தை "அவள்" என்றே பெயர்த்தாள், அது அவர் குரல் என்பதால். அதற்குக் கீழே தன் குறிப்பு முழுவதிலும் "அவர்" என்று எழுதினாள். அந்த ஒரு எழுத்து வித்தியாசம் ஏன் என்று ஸ்பானிஷில் இரண்டு பக்கம் விளக்க வேண்டியிருந்தது, அந்த மொழியில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லாததால். ஆசிரியர் மார்க்கோடு ஒரு கேள்வியும் எழுதிக் கொடுத்தார். இனி காதல் கவிதைகளை எப்படிப் படிக்கப் போகிறாய் என்று. அதற்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை. கவிதைகள் அழகாக இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை, முன்பு போலப் படிக்கவும் முடியவில்லை.

சரி, சோறு போடுமா என்ற கேள்வி? போடும் என்றுதான் தெரிகிறது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர், 20 நாடுகளில் ஆட்சிமொழி. சென்னையைச் சுற்றித் தயாராகும் கார்கள் மெக்சிகோவுக்குப் போகின்றன. அர்ஜென்டினாவிலிருந்து சோயா எண்ணெய் வருகிறது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் கம்பெனிகளில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிடக் கூடுதல் சம்பளம் கிடைப்பதுண்டு. சாதாரணக் கடிதங்களை இப்போது கம்ப்யூட்டரே பெயர்த்துவிடுகிறது என்பதும் உண்மை. அதனால் சும்மா பெயர்க்கத் தெரிந்தால் போதாது, அதற்கு மேல் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். "அவள்" என்பதா "அவர்" என்பதா என்று இரண்டு வாரம் யோசிப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி இருக்கிறதா என்பது வேறு கதை.

சென்ற விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளிடம் பெரியப்பா, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு தெரிந்தவரைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஏதோ புரியாத பாஷையில் மெயில் வந்திருக்கிறதாம், பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்.

"பார்க்கிறேன் பெரியப்பா."

"உன் ஸ்பேனர் பாஷையாத்தான் இருக்கும்" என்றார் அவர். இந்த முறை காது நன்றாகவே கேட்டிருந்தது.